எஸ்டேட் ரைஃபிளுக்குத் தோட்டா: .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், சேலத்தில் ஏதாவது வழி உண்டா?

காபிக்காட்டான் (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்று இருக்கிறது. பர்மிங்காம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் செய்தது, மவுசர் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் தாழ்), குழல் மேல் .318 என்று வெட்டியிருக்கிறது. தாத்தா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது இதை விற்றுவிட்டுப் போனாராம். லைசென்ஸ் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது, அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் வாரிசு முறையில் எனக்கு மாற்றிக்கொண்டோம். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

தோட்டாதான் இல்லை. பீரோ அடியில் கைனாக் என்கிற இங்கிலாந்து கம்பெனியின் தோட்டா டப்பா ஒன்று, சிவப்பும் மஞ்சளுமாக லேபிள், உள்ளே கொஞ்சம் தோட்டா, எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. கீழே சேலத்தில் துப்பாக்கிக் கடையில் கேட்டால் 12 போர் இருக்கிறது, .315 இருக்கிறது, இது என்ன சார் நம்பர் என்று சிரிக்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் ஒருத்தர், .315க்கும் .318க்கும் மூணு பாயின்ட்தானே, உள்ளே போனால் போட்டுச் சுடுங்கள் என்று யோசனை வேறு சொன்னார்.

என் கேள்வி: காலிக் கூடு, கேப் (அடியில் தட்டினால் பற்றும் சின்ன மூடி), மருந்து, குண்டு தனித்தனியாக வாங்கி நானே நிரப்பிக்கொள்ள முடியுமா? வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு மேசையில் வைத்துச் செய்வதை வீடியோவில் பார்த்தேன். வேட்டைக்கு இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். தாத்தா கை பட்ட சாமானை ரேஞ்சில் வைத்து ரெண்டு தடவை சுட்டுப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி மாமா

தம்பி, முதல் வேலையாக அந்த .315 யோசனையை மறந்துவிடு. கடையில் நின்று யோசனை சொல்கிற ஆள் எந்த ஊரிலும் இருப்பான்.

நம்ம ஊர் .315 என்பது 8×50 மான்லிக்கர் தோட்டா. அடியில் விளிம்பு வைத்தது. உன்னுடைய .318 விளிம்பில்லாத தோட்டா, மவுசர் மேகசினுக்காகச் செய்தது. கூட்டின் உடம்பு வேறு, தோள் வேறு, கழுத்து வேறு, நீளம் வேறு. போல்ட் மூடாமல் போனால் அது உன் அதிர்ஷ்டம்.

இந்த .315 நம்ம நாட்டில் ஏன் இவ்வளவு பரவியது தெரியுமா? பட்டாளத்துத் தோட்டா பொதுஜனம் கையில் கிடைக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் கட்டுப்பாடு போட்டான். 1907 வாக்கில் .450 ரைஃபிள்களையே இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்றான், ஏனென்றால் பழைய மார்ட்டினி ஹென்றி .450 துப்பாக்கிகள் அவனுக்கு ஆகாதவர்கள் கையில் ஏற்கனவே நிறைய இருந்தன. அந்தத் தடையால்தான் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகள் வரிசையாகக் கிளம்பின. .303 இன்றைக்கும் தனி ஆளுக்குத் தடை. அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் .315, சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையே அந்த ரைஃபிளைச் செய்தது. அதனால்தான் கடைக்காரருக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மெல்பர்ன் ஓமலூரான்

பிறந்தது ஓமலூர், இப்போது ஆஸ்திரேலியா. இங்கே முறையான லைசென்ஸோடு பழைய பிரிட்டிஷ் ரைஃபிள்களுக்குத் தோட்டா நிரப்புகிறேன், .318உம் அதில் ஒன்று. சட்டம் இங்கே வேறு, அங்கே வேறு; அதை வக்கீல் யாராவது சொல்லட்டும். நான் சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

.318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் 1910இல் வந்தது. 250 கிரெய்ன் (குண்டு, மருந்து எடை போடும் சின்ன அளவு) குண்டு, வினாடிக்கு 2400 அடி வேகம். ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்குப் பேர்போன பெல் இதையும் கையில் வைத்திருந்தார். நல்ல தோட்டா, ஆனால் பெயர் ஆளைக் கவிழ்த்துவிடும். குண்டின் விட்டம் .318 அங்குலம் கிடையாது, .330. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் குழலுக்குள் குண்டைச் சுழற்ற வெட்டியிருக்கும் வரிகளின் மேட்டு அளவைப் பெயராக வைத்துவிடுவார்கள், குண்டு பள்ளத்தின் அளவுக்குத் தடிமனாக இருக்கும். .303லும் இதே கதைதான், அதன் குண்டு .311.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜெர்மன்காரனின் பழைய 8×57 ஜே என்கிற தோட்டாவுக்கு நிஜமாகவே .318 விட்டத்தில் குண்டு உண்டு. இணையத்தில் ".318 குண்டு" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். விலையும் குறைவு. அதை வாங்கி இந்த ரைஃபிளில் போட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு ஒல்லி. வரியைப் பிடிக்காமல் லொடலொட என்று ஓடும், காஸ் பக்கவாட்டில் பீய்ச்சும், குறி எங்கேயோ போகும். இங்கேயே ஒருத்தர் ஏலத்தில் ஒரு பெட்டி வாங்கிவிட்டு என்னிடம் காட்டினார். வெர்னியர் வைத்துப் பார்த்ததும் முகம் செத்துப் போனது.

சரியான .330 குண்டு செய்கிறவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இங்கே ஆஸ்திரேலியாவில் உட்லீ என்று ஒரு கம்பெனி, பழைய பிரிட்டிஷ் அளவுகளில் குண்டு செய்து பெயர் வாங்கியது. பித்தளைக் கூட்டுக்கு பெர்ட்ரம், அதுவும் இங்கேதான். எப்போதும் கடையில் இருக்காது. ஒரு தடவை மொத்தமாக அடிப்பார்கள், தீர்ந்தால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி .30-06 கூட்டை .318ஆக மாற்றுவது. அடிப்பாகம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, நீளத்தைக் குறைத்து, கழுத்தை விரித்து, தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். செய்கிறார்கள், நானும் செய்கிறேன். எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், கூட்டின் அடியில் பழைய முத்திரை .30-06 என்றே இருக்கும். வீட்டில் ரெண்டு ரைஃபிளும் இருந்தால் எது எது என்று கலந்துவிடும். நான் மாற்றின கூட்டை எல்லாம் தனி டப்பாவில் போட்டு, அடியில் நெய்ல் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவேன்.

பழைய இரும்பு பாலு

இதெல்லாம் எதற்கு அண்ணா? சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? செவ்வாய்ப்பேட்டையில் பித்தளைக் கம்பி கொடுத்தால் வெர்னியர் அளவுக்குக் கடைந்து தரமாட்டார்களா? பம்ப் செட் புஷ்ஷே கடைகிறார்கள், ஒரு கூடு கடைய மாட்டார்களா?

அஸ்தம்பட்டி மாமா

கடைவார்கள், கடைவார்கள். அப்புறம் பட்டறைக்காரரையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். கருமந்துறை, கல்வராயன் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறாயே, அது போதாதா?

மெல்பர்ன் ஓமலூரான்

பாலு, கம்பியிலிருந்து கடைகிற வழக்கம் வெளிநாட்டில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பித்தளை என்பதில்தான் உயிரே இருக்கிறது. தொழிற்சாலைக் கூடு தகட்டிலிருந்து இழுத்து இழுத்துச் செய்வது. அடிப்பக்கம் கெட்டியாக, வாய்ப்பக்கம் இளகலாக இருக்கும்படி நடுநடுவே சூடு காட்டுவார்கள். வாய் சட்டென்று விரிந்து சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையை, அடைக்க வேண்டும், அடி அசையக்கூடாது. புஷ்ஷுக்கு வாங்கும் பித்தளையில் லகுவாகக் கடைபடட்டும் என்று ஈயம் சேர்த்திருப்பார்கள். அந்த அழுத்தத்தில் அது விட்டுக்கொடுத்தால் காஸ் நேராக போல்ட் வழியாக உன் கண்ணைப் பார்த்துத்தான் வரும்.

வக்கீல் வண்டி (சேலம்)

வக்கீல் யாராவது சொல்லட்டும் என்றார்கள், வந்துவிட்டேன். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் லைசென்ஸைப் பார்த்துச் சொல்லும் கருத்து இல்லை.

1959ஆம் வருட ஆயுதச் சட்டம், பிரிவு 2. "தோட்டா" (அம்யூனிஷன்) என்கிற வரையறைக்குள் முழுத் தோட்டா மட்டும் வரவில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அதற்குள்ளேயே வருகின்றன. அதாவது கூடு, கேப், குண்டு மட்டும் இல்லை, மெல்பர்ன்காரர் மேசையில் இருக்கிற அழுத்துக் கருவியும் அச்சும்கூடச் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். தயாரிக்க, விற்க, பழுதுபார்க்க பிரிவு 5இன்படி தனி லைசென்ஸ் வேண்டும். உங்கள் கையில் இருப்பது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். ரெண்டும் வேறு. பிரிவு 5ஐ மீறினால் 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது ஏழு வருடம், மேலே ஆயுள் வரைக்கும் போகலாம்.

சிலர் பிரிவு 45ஐக் காட்டுவார்கள். சிறு பாகங்களுக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதவரைதான். நிரப்பிச் சுடுவதற்காகத்தான் வாங்கினேன் என்று நீங்களே இப்படி எழுதி வைத்துவிட்டு அந்த விலக்கைக் கேட்க முடியாது.

இன்னொன்று. மெல்பர்னில் இருந்து வரும் சொந்தக்காரரிடம் நாலு கூடு சூட்கேஸில் போட்டு அனுப்பச் சொல்லலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். வேண்டவே வேண்டாம். பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்கு விமான நிலையத்தில் வழக்கு வாங்கினவர்கள் இருக்கிறார்கள். மருந்தும் கேப்பும் பயணப் பையில் ஏற்றவே கூடாத சரக்கு.

காபிக்காட்டான் (ஏற்காடு)

சரி சார், புரிந்தது. நிரப்புகிற ஆசைக்கு இங்கேயே முழுக்குப் போட்டுவிட்டேன். ஆனால் இப்போதுதான் எனக்கு இந்த ரைஃபிளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆவல் கூடியிருக்கிறது.

நேற்று மரக்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கம் பார்த்தேன். சின்னச் சின்னக் கிரீட முத்திரைகள், அப்புறம் ஆங்கிலத்தில் கார்டைட் என்று போட்டு ஒரு எண், பக்கத்தில் 250 என்று இன்னொரு எண். அது என்ன? அந்த அளவுக்குத்தான் மருந்து போட வேண்டும் என்று அர்த்தமா?

பழைய தோட்டாக்களைச் சுட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். துடைத்தால் பச்சை போய்விடுகிறது, உள்ளே நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

மெல்பர்ன் ஓமலூரான்

அது பர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரை. 1954க்கு முந்தைய முறையில் குழலைச் சோதித்துவிட்டு, இந்த ரைஃபிளுக்கு அதிகபட்சம் இவ்வளவு கிரெய்ன் கார்டைட் (அந்தக் காலத்துத் தோட்டா மருந்து), இவ்வளவு எடைக் குண்டு என்று அடித்து வைப்பார்கள். 250 என்பது குண்டின் எடை. மற்ற எண் கார்டைட்டுக்கு மட்டும்தான் செல்லும். அதே எடைக்கு இன்றைய மருந்தைப் போடலாம் என்று நினைத்தால் ரைஃபிள் வெடிக்கும். ஒவ்வொரு மருந்தும் எரிகிற வேகம் வேறு. அதனால்தான் நான் இங்கே மருந்து அளவு எதுவும் எழுதமாட்டேன், யார் எழுதினாலும் நம்பாதீர்கள். அச்சடித்த கையேட்டில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

கார்டைட் பார்த்திருக்கிறீர்களா? தூளாக இருக்காது, சேமியா மாதிரி நீள நீளக் குச்சி. கழுத்து குறுகிய கூட்டுக்குள் அதை அப்புறம் திணிக்க முடியாது என்பதால் தொழிற்சாலையில் கூடு நேராக இருக்கும்போதே கட்டாக உள்ளே விட்டு, அதற்கப்புறம்தான் கழுத்தை ஒடுக்குவார்கள்.

பழைய கைனாக்கைச் சுடாதீர்கள். 1960களிலேயே அந்தக் கம்பெனி இந்த வகைப் பெரிய ரைஃபிள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்துவிட்டது, உங்களிடம் இருப்பதற்குக் குறைந்தது உங்கள் வயதாவது இருக்கும். ஏற்காட்டுப் பனியும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பச்சை வெளியே தெரிகிறது, கழுத்தில் விட்டிருக்கிற வெடிப்பு அதன் அடியில் ஒளிந்திருக்கும். கேப் சில சமயம் உடனே பற்றாமல் ஒரு நொடி கழித்துப் பற்றும். சுடவில்லையே என்று போல்ட்டைத் திறக்கிற நேரத்தில் வெடித்தால் கதை முடிந்தது. சரியாகச் சுட்டாலும் பழைய கேப்பில் இருக்கிற உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தக் காலத்துத் துரைமார்கள் சாயங்காலம் கேம்ப் திரும்பியதும் குழலுக்குள் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவார்களே, அது இதற்காகத்தான். சில கேப்பில் பாதரசமும் உண்டு, அது பித்தளையைச் சுட்ட பிறகு நொறுங்குகிற பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் அந்தக் கூட்டை மறுபடி நிரப்பவும் உதவாது.

நிரப்ப நினைத்தாலும் இன்னொரு சிக்கல். பழைய கைனாக் கூடு பெர்டன் வகை. அடியில் ரெண்டு பொடி ஓட்டை, நடுவில் முட்டு கூட்டோடு சேர்ந்தே இருக்கும். இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கும் பாக்சர் கேப் அதில் உட்காராது. இதில் ஒரு வேடிக்கை: பெர்டன் அமெரிக்கர், பாக்சர் வூலிச் ஆயுதச்சாலையில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரி. அமெரிக்காக்காரன் எடுத்துக்கொண்டது பாக்சரை, ஐரோப்பா எடுத்துக்கொண்டது பெர்டனை.

மரவள்ளி மன்னன் (ஆத்தூர்)

ரைஃபிள் துருவைப் பற்றிப் பேசினால் எனக்கு வயிறு எரியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஒப்படைத்த எங்கள் 12 போர் திரும்பி வந்தபோது குழலுக்குள் செம்மண் கலரில் துரு, மரக்கட்டையில் சுண்ணாம்புக் கறை. யாரிடம் போய்க் கேட்பது? காபிக்காட்டாரே, கொடுப்பதற்கு முன்னால் குழலுக்குள் கெட்டியாகக் கிரீஸ் அப்பி, போட்டோ எடுத்து, ரசீதில் நம்பரைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். உங்கள் பக்கம் காட்டெருமை காபித் தோட்டத்துக்குள் பட்டப்பகலில் நிற்கிறதே, பன்றியும் கிழங்கைத் தோண்டுகிறது. அதற்காவது இந்தத் துப்பாக்கி ஆகாதா?

காபிக்காட்டான் (ஏற்காடு)

ஆகாது அண்ணா. காட்டெருமை 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு, கை வைக்க முடியாது. பன்றிக்கும் வனத்துறைதான். போன வாரம்கூட வாசலில் ஒன்று நின்றது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அது போகட்டும் என்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். லைசென்ஸ் புத்தகத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று தாத்தா காலத்தில் எழுதியிருக்கிறது, இன்றைக்கு அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் நான்தான் உள்ளே போவேன்.

பழைய இரும்பு பாலு

அப்போ மொத்தத்தில் சுவரில் மாட்டி வைக்க வேண்டியதுதானா?

வக்கீல் வண்டி (சேலம்)

சுவரில் மாட்டுவதற்கும் லைசென்ஸ் வேண்டும் பாலு. பழைய மாடல் என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. பழுதுபார்த்தும்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் பிரிவு 45 வரும். இவருடையது சுடும் நிலையில் இருக்கிற ரைஃபிள், தோட்டா கிடைக்கவில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2019க்கு அப்புறம் அஞ்சு வருடத்துக்கு ஒரு தடவை. ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான் என்பதும் அதே திருத்தம், அதனால் இதை வைத்திருந்தால் உங்கள் கணக்கில் ஒன்று போய்விடும்.

சுட்டே ஆக வேண்டுமென்றால் நேர் வழி ஒன்று இருக்கிறது, மெதுவான வழி. இறக்குமதி அனுமதி உள்ள டீலர் மூலமாக முழுத் தோட்டாவாக வரவழைப்பது. லைசென்ஸில் அந்த அளவும் எண்ணிக்கையும் எழுதியிருக்க வேண்டும். பழைய தோட்டாக்களை நீங்களாகக் கிணற்றில் போடுவது, மண்ணில் புதைப்பது எல்லாம் வேண்டாம். டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து, புத்தகத்தில் எண்ணிக்கையைக் கழித்து எழுதி வாங்குங்கள். அதைச் செய்யாமல் விட்டால் புதுப்பிக்கும்போது எத்தனை இருந்தது, எங்கே போனது என்று கேள்வி வரும்.

மெல்பர்ன் ஓமலூரான்

முழுத் தோட்டாவுக்கு இங்கிலாந்தில் சஃபோக்கில் கைனாக் பெயரிலேயே பழைய பிரிட்டிஷ் அளவுகளை மறுபடி செய்கிறார்கள். விலை கேட்டால் மலைப்பாக இருக்கும், ஒரு தோட்டா விலையில் நாலு பேர் நல்ல ஹோட்டலில் பிரியாணி சாப்பிடலாம். ஆனால் ரெண்டு தடவை சுடுவதற்கு ஒரு பெட்டி போதுமே.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். குழலில் .318 என்று வெட்டியிருப்பதால் மட்டும் உள்ளே அதுதான் என்று நம்பக்கூடாது. அறுபது எழுபது வருடத்தில் யாராவது சேம்பரை மாற்றி வெட்டியிருக்கலாம், பழைய ரைஃபிள்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பர் வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். செர்ரோசேஃப் என்று ஒரு உலோகக் கலவை, 70இலிருந்து 88 டிகிரிக்குள் உருகிவிடும், கொதிக்கிற தண்ணீரே போதும். குழலில் கொஞ்சம் உள்ளே துணி அடைத்துவிட்டு ஊற்றி, இறுகியதும் பின்பக்கமாகத் தள்ளி எடுத்தால் சேம்பரின் அச்சு கையில் வந்துவிடும். ஈயமும் காட்மியமும் கலந்தது, சமையல் பாத்திரத்தில் உருக்க விடாதீர்கள்.

காபிக்காட்டான் (ஏற்காடு)

மெக்கானிக் ஒருத்தரைப் பிடித்துவிட்டேன், டீலர்தான் சொன்னார். வயசான மனுஷன், ரைஃபிளைக் கையில் வாங்கியதும் போல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, இந்த வழுக்கல் இப்போ செய்கிற எதிலும் வராது என்றார். வார்ப்பு எடுக்கச் சம்மதித்துவிட்டார். கைனாக் டப்பாவையும் அதே கடையில் ஒப்படைத்து, புத்தகத்தில் எழுதி வாங்கிவிட்டேன். காலி அட்டை டப்பாவை மட்டும் திருப்பிக் கேட்டேன், கொடுத்தார்கள்.

எதை எதை அளக்கச் சொல்ல வேண்டும்?

மெல்பர்ன் ஓமலூரான்

அடிப்பாக விட்டம், தோளின் விட்டம், கழுத்து விட்டம், மொத்த நீளம், அப்புறம் வரி ஆரம்பிக்கிற இடத்தில் பள்ளத்தின் விட்டம். கடைசியாகச் சொன்னது .330 பக்கம் வர வேண்டும், .323 பக்கம் வந்தால் யாரோ குழலை மாற்றியிருக்கிறார்கள், அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேரம் முக்கியம். இந்தக் கலவை முதல் அரைமணி நேரம் சுருங்கும், அப்புறம் விரிய ஆரம்பித்து ஒரு மணி நேரம் வாக்கில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும், அதையும் தாண்டிக் கொஞ்சம் பெருக்கும். பெரியவரிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிட்டால் மறுபடி உருக்கி ஊற்ற வேண்டியதுதான். வெர்னியரோடு சேர்த்துப் படம் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.